ஹெரால்டு பெயின்ட் கோளாறுகள்: வீட்டுக் கார் ஷெட்டில் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வீட்டு ஷெட்டில் பழைய காருக்கு பெயின்ட் அடிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான். பெயின்ட் வட்ட வட்டமாக விலகுகிறது, வெள்ளையாகப் பனி படிகிறது, சுருங்குகிறது, கொப்புளம் வருகிறது. அதனால் கோளாறு வாரியாகவே எழுதிவிடுகிறேன். உதாரணத்துக்கு எடுத்திருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ஃப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் அந்தப் பெயரில் தயாரானது. அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் இதில் சொல்வது பொருந்தும், கடைசியில் வரும் ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

இந்தக் காரை வீட்டிலேயே செய்யலாம் என்று தைரியமாகச் சொல்லக் காரணம் உண்டு. பாடி தனி, சேஸிஸ் தனி. பானெட், கதவு, டிக்கி மூடி எல்லாம் போல்ட்டில் கழன்று வரும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டாண்டில் வைத்து அடிக்கலாம்.

இங்கே பேசுவது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டை வைத்து. பழைய ஆட்கள் டியூக்கோ என்பது அதைத்தான். ஹார்டனர் (பெயின்ட்டை இறுகவைக்கும் ரசாயனம்) கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டை வீட்டில் அடிக்காதீர்கள். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு ஒருமுறை அது ஒவ்வாமல் போய்விட்டால் அதன்பின் துளி பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கையும் நம்ப வேண்டாம். பி.யு.தான் வேண்டுமென்றால் பட்டி, பிரைமர், தேய்ப்பு வரை வீட்டில் முடித்துவிட்டு பேனல்களை பெயின்ட் பூத் இருக்கும் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். என்.சி.க்கு ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போதும். ஆனால் தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். இன்வெர்ட்டர், பழைய ஃபிரிட்ஜ், சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எதுவும் அந்த அறையில் ஓடக் கூடாது.

சரி, கோளாறுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது கோளாறு எப்போது தெரிந்தது என்பதை. ஸ்ப்ரே கன்னிலிருந்து விழுந்ததுமே தெரிந்ததா, காய்ந்த பிறகா, மாதங்கள் கழித்தா? பாதிக் காரணங்கள் அதிலேயே அடிபட்டுப் போகும். இன்னொன்று: காரணம் தெரியாமல் மேலே இன்னொரு கோட் அடித்து எதையும் மறைக்க முடியாது.

## முதல் வகை: அடிக்கும்போதே தெரிவது

### பெயின்ட் வட்ட வட்டமாக விலகி அடிப்பரப்பு தெரிகிறது

ஒரே பேனலில் மட்டும் என்றால் அந்தப் பேனலில் எண்ணெய்ப் பசையோ சிலிக்கானோ இருக்கிறது. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் பட்ட கை, எதுவாகவும் இருக்கலாம். பேனல் மேல் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாக நின்றால் சுத்தம். திட்டுத் திட்டாக விலகினால் இன்னும் பசை இருக்கிறது. மெழுகு, கிரீஸ் எடுக்கும் கிளீனரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இரண்டாவது உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் பசை இடம் மாறுமே தவிரப் போகாது.

எல்லாப் பேனலிலும் என்றால் காற்றுக் குழாயைப் பாருங்கள். கன்னைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒரு நிமிடம் வெறும் காற்றை ஊதுங்கள். ஈரம் படிந்தால் தண்ணீர்; விரலில் வழுக்கினால் கம்ப்ரசர் எண்ணெய். தண்ணீர் என்றால் முதலில் டேங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து வடியுங்கள். சென்னைக் காற்றுக்கு இதைத் தினமும், அடிக்கும் நாளில் இடையிலும் செய்ய வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைப் பலர் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். ஏழெட்டு மீட்டர் குழாய் ஓடி ஆறிய பிறகு, கன் பக்கம் மாட்டினால்தான் பிடிக்கும். எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, கம்ப்ரசர் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

ஷெட்டை ஒட்டிச் சமையலறை இருந்தால் அடிக்கும் நேரத்தில் தாளிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விலகிய பெயின்ட் நன்றாகக் காயட்டும். 600 வாட்டர் பேப்பரால் குழியின் அடி வரை தேய்த்து, மறுபடி துடைத்து, முதல் கோட்டைத் தூறல் மாதிரி மெல்லியதாகப் போடுங்கள். பெயின்ட்டில் கலக்க ஒரு சொட்டு மருந்து கடையில் கிடைக்கும், அதுவே சிலிக்கான்தான். ஒருமுறை ஊற்றினால் கன்னிலும் ஷெட்டிலும் தங்கி அடுத்த பேனலையும் கெடுக்கும். வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

### பளபளப்பில்லாமல் வெள்ளையாகப் பனி படிகிறது

ஐப்பசி, கார்த்திகையில் என்.சி. அடித்தவர்களுக்கு இது தெரியும். தின்னர் ஆவியாகும்போது பேனல் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் பெயின்ட்டுக்குள்ளேயே படிகிறது. செலவில்லாத மருந்து, காத்திருப்பது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் வேண்டாம். வெயில் வந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கன்னையே எடுக்காதீர்கள். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கி ஷெட்டில் தொங்கவிட்டால் இந்த வாக்குவாதமே இல்லை.

அடித்தே ஆக வேண்டுமென்றால் தின்னரோடு கொஞ்சம் ரிடார்டர் சேர்க்கலாம். மெதுவாக ஆவியாவதால் ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். அளவு கூடினால் நாள்கணக்கில் மெத்தென்றே இருக்கும். விலை குறைந்த தின்னரால் வரும் பனியும் உண்டு. வெயில் நாளிலும் பனி வந்தால் தின்னர் டின்னை மாற்றிப் பாருங்கள்.

ஏற்கெனவே பனி விழுந்துவிட்டதா? காய்ந்தபின், வறண்ட மதியத்தில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லியதாக ஒரு கை ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

### ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாக நிற்கிறது

எங்கும் ஒரே மாதிரி இருந்தால் பெயின்ட் கெட்டி. அடியில் துளையுள்ள அளவுக் கப்பான ஃபோர்டு கப் 4இல் ஊற்றி எண்ணிப் பாருங்கள். 18 முதல் 20 விநாடியில் வடிய வேண்டும். கப் வாங்குவதற்குச் சோம்பல்பட்டு, குச்சியில் எடுத்து வடியவிட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் தேய்க்கும் வேலை அதிகம். சித்திரை வெயிலில் சரியான பதத்திலும் தோல் வரும்: பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்துவிடுகிறது. காலை நேரத்துக்கு மாற்றுங்கள், மெதுவாகக் காயும் தின்னர் போடுங்கள்.

சில இடங்களில் மட்டும் என்றால் கை. கன் பேனலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பேனலுக்கு நேராகவே போக வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றி அடித்தால் நடுவில் ஈரம், ஓரத்தில் தூள்.

முதல் இரண்டடி கண்ணாடி, அப்புறம் போகப்போகத் தோல் என்றால் கம்ப்ரசரால் ஈடுகொடுக்க முடியவில்லை. டிரிகரை அழுத்திப் பிடித்தபடி கன் பக்கத்து மீட்டரைப் பாருங்கள். எச்.வி.எல்.பி. கன்னுக்கு (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதுவது) 30 பவுண்டு அளவில் நிற்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போனால் பதில் கிடைத்துவிட்டது. அந்தக் கன்களில் பல நிமிடத்துக்குப் பத்துக் கன அடி அளவில் காற்றைக் குடிக்கும். வீட்டு உபயோக ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர் அதில் பாதிகூடத் தராது. குறைந்த காற்றில் ஓடும் சின்ன கன் வாங்குங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் நாளுக்கு மட்டும் பெரிய கம்ப்ரசரை வாடகைக்கு எடுங்கள். புதிதாக வாங்குவது கடைசி.

### வழிந்துவிட்டது

ஹெரால்டு பானெட் இரண்டு மட்கார்டோடும் சேர்ந்த ஒரே பெரிய துண்டு. ஹெட்லைட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில்தான் வழிசல் நிச்சயம் வரும், ஏனென்றால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு கை பெயின்ட் அங்கே சேர்கிறது. விளிம்புகளை முதலில் மெல்லியதாக அடித்துவிட்டுப் பரப்புக்கு வாருங்கள். வழிந்ததை ஈரத்தில் துடைக்காதீர்கள். முழுதும் காய்ந்தபின் பிளேடை நிமிர்த்திப் பிடித்து மேட்டை மட்டும் சுரண்டி, கட்டையில் சுற்றிய 1000, 1500 பேப்பரால் சமன்செய்யுங்கள்.

### அடித்த சில நிமிடத்தில் தோல் சுருங்கிக் கிளம்புகிறது

இதில் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: கீழே சிந்தெடிக் எனாமல் இருக்கிறது. ஐம்பது அறுபது வருட காரில் யாரோ ஒரு கட்டத்தில் பிரஷ்ஷால்கூட அடித்திருப்பார்கள். என்.சி. தின்னர் அதைக் கிளப்பிவிடும்.

இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே, டிக்கிக்குள் மறைவான இடத்தில் செய்துவிடுங்கள். தின்னரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

- துணியில் நிறம் ஒட்டினால் பழையதும் என்.சி.; தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம்.
- சுருங்கிக் கிளம்பினால் எனாமல். முழுதும் உரிக்க வேண்டும்.
- ஒன்றும் ஆகாவிட்டால் பி.யு. அல்லது சூட்டில் வேகவைத்த பெயின்ட். நன்றாகச் சொரசொரப்பாக்கி மேலே போகலாம்.

எனாமல் மேல் எபாக்ஸி பிரைமர் அடித்துத் தடுப்பு கட்டலாம் என்பார்கள். எனாமல் நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தால் நிற்கும், ஆனால் எத்தனை அடுக்கு கீழே இருக்கிறது என்று தெரியாத காரில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உரிப்பதுதான் வழி. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல் ரிமூவர் போட்டோ ஈரமாகவோ எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

## இரண்டாம் வகை: காய்ந்தபின் தெரிவது

### ஊசித் துளைகள்

துளை பட்டி போட்ட இடத்தில் மட்டுமா, எங்குமா? பட்டியில் மட்டும் என்றால் கலக்கும்போது காற்று அடைபட்டிருக்கிறது. பட்டியை அடித்துக் கலக்கக் கூடாது. பலகையில் தேய்த்துத் தேய்த்து மடிக்க வேண்டும். துளையை பிரைமர் மூடிவிடும் என்று விட்டுவிட்டால் மூடாது. விரல் நுனியில் என்.சி. பட்டியை எடுத்து அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, தேய்த்துவிட்டு மேலே போங்கள்.

எங்கும் என்றால் ஒரு கோட் உலரும் முன் அடுத்ததை ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது அடித்ததும் பேனலை வெயிலில் வைத்திருக்கிறீர்கள். மேல் தோல் மூடியபின் உள்ளே இருந்த தின்னர் அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்த வழிதான் அந்தத் துளை. துளையின் அடி வரை தேய்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

### பட்டியின் ஓரம் வரைபடம் போல் தெரிகிறது, தேய்த்த கோடுகள் எழும்புகின்றன

அடித்த அன்று நன்றாக இருந்து, இரண்டு வாரத்தில் கோடு தெரிந்தால் பிரைமர் காயாமல் மேலே அடித்த விளைவு. பிரைமர் பின்னால் சுருங்கி, கீழே உள்ள 80 நம்பர் பேப்பர் கீறலில் போய் உட்கார்கிறது. இன்னும் ஒரு மாதம் விடுங்கள், சுருங்குவது முழுதும் சுருங்கட்டும். பிறகு 1000 பேப்பரால் தேய்த்துப் பார்த்து, போதுமான தடிமன் இருந்தால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கி முடித்துவிடலாம். இல்லாவிட்டால் இரண்டு கோட். அடுத்த முறைக்கு: பட்டியில் 80, 180, 320 என்று படிப்படியாக, பிரைமரில் 400, 600. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அது மேலே எழுதிக் காட்டிவிடும்.

### வெள்ளை, கிரீம் பெயின்ட்டில் நிறத் திட்டு

இளஞ்சிவப்பாக என்றால் கீழே இருக்கும் பழைய சிவப்பு தின்னரில் கரைந்து மேலே வருகிறது. எத்தனை கோட் போட்டாலும் வரும். அந்தப் பேனலை உலோகம் வரை உரியுங்கள். பட்டி போட்ட இடத்தில் மட்டும் மஞ்சளாகவோ வெளிறியோ தெரிந்தால், பட்டியில் ஹார்டனர் அதிகம். நூறு பங்குக்கு இரண்டு பங்கு என்பதுதான் கணக்கு. சீக்கிரம் காயட்டும் என்று கூடப் போட்ட ஹார்டனர் நிறத்தை வெளுக்கவைக்கும். பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் நிச்சயமான தீர்வு.

### பளபளப்பு மங்குகிறது

என்.சி. இயல்பிலேயே காய்ந்தபின் கொஞ்சம் மங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து 1500, 2000 பேப்பர், பிறகு காம்பவுண்ட். விளிம்புகளில் கையால் மட்டும் தேயுங்கள். மெஷின் வைத்தால் நொடியில் பிரைமர் தெரியும்.

## மூன்றாம் வகை: மாதங்கள் கழித்து வருவது

### சின்னச் சின்னக் கொப்புளங்கள்

ஒரு கொப்புளத்தை ஊசியால் உடைத்து உள்ளே பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உள்ளே பிரைமர் தெரிந்து, ஈரமாக இருந்தால் அடைபட்ட உப்போ ஈரமோ காரணம். நம் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் போர் தண்ணீர்மேல். ஈரத் தேய்ப்புக்கு அதைப் பயன்படுத்தி அப்படியே காயவிட்டால் கதவு விளிம்பிலும் மடிப்பிலும் வெள்ளையாக உப்புக் கோடு நிற்கும். அதன் மேல் பெயின்ட் போனால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கொப்புளமாகும். கடைசிக் கழுவலுக்காவது கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். வியர்த்த உள்ளங்கையும் அதே உப்புதான். கொப்புளத்தின் வரிசை நான்கு விரல் அகலத்தில் இருந்தால் யார் கை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

உள்ளே பழுப்பாக உலோகம் தெரிந்தால் பிரைமரோடு கார் நின்ற காலத்தைக் கணக்குப் பாருங்கள். சாதாரண பிரைமர் தண்ணீரைத் தடுக்காது, உறிஞ்சும். பிரைமர் அடித்துவிட்டு ஒரு மழைக்காலம் வெளியே நிறுத்திய காரில் துரு ஏற்கெனவே கீழே ஓடியிருக்கும். உலோகம் வரை எடுத்து, எபாக்ஸி பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும். எபாக்ஸியும் ஹார்டனர் கலக்கும் சரக்குதான். டின்னில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு அடியுங்கள்.

### தாள் தாளாக உரிகிறது

பேனலில் மறைவான இடத்தில் பிளேடால் சிறு கட்டங்களாகக் கீறி, டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வருவது எந்த அடுக்கு என்று பாருங்கள். மேல் பெயின்ட் மட்டும் வந்தால் பிரைமரைத் தேய்க்காமலோ துடைக்காமலோ அடித்திருக்கிறது. பிரைமரோடு வெறும் உலோகம் தெரிந்தால் உலோகத்தில் பசை, அல்லது அலுமினியம், துத்தநாகம் பூசிய தகட்டில் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமர்) போடாதது. முதலாவது என்றால் அந்தப் பேனலை மட்டும் மறுபடி செய்தால் போதும். இரண்டாவது என்றால் அதே நாளில் செய்த எல்லாப் பேனலையும் மறுபடி செய்ய வேண்டும்.

### ஒரே இடத்தில் மறுபடி மறுபடி துரு கொப்பளிக்கிறது

அங்கே துரு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது. பெயின்ட்டைத் தொடாதீர்கள். கதவின் அடி என்றால் முதலில் வடிகால் துளைகளைக் குத்திப் பாருங்கள். பழைய பெயின்ட்டும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். அடுத்து காந்தம். ஒரு துணியைச் சுற்றிக் காந்தத்தைப் பேனல் மேல் நகர்த்துங்கள். பிடி விடும் இடத்தில் விரல் தடிமனுக்குப் பட்டி இருக்கிறது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர். ஓரளவு அழுத்தத்துக்கே உள்ளே போனால் வெல்டிங் வேலை, டிங்கரைக் கூப்பிடுங்கள்.

டிங்கர் வருவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். ஹெரால்டுக்கு பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அதையும் கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். காலி டேங்க்தானே என்று விடக் கூடாது, ஆவி இருக்கும் காலி டேங்க்தான் ஆபத்து.

### கதவு, பானெட் ஓரங்களில் பெயின்ட் சிராய்ந்து போகிறது

இது பெயின்ட் கோளாறே இல்லை, இடைவெளிக் கோளாறு. பானெட்தான் இடிக்கிறதென்றால் செலவில்லை: முன்பக்கக் கீல்களைத் தளர்த்தி நகர்த்தலாம், பின்னால் அது வந்து உட்காரும் ரப்பர் முட்டுகள் நசுங்கியிருந்தால் மாற்றலாம். கதவைப் பாதி திறந்து பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஆடினால் கீலின் ‘பின்’ ஆணி தேய்ந்திருக்கிறது.

கீல் சரியாக இருந்தும் கதவின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒத்துவராவிட்டால் பாடி உட்காரும் இடங்களுக்குப் போக வேண்டும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருவேறி இறங்கியிருக்கும். காரின் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது, ‘பொத்’ என்றால் மாற்ற வேண்டும். அளவு தெரிந்த வெல்டரின் வேலை இது. வருகிறவரிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: இரண்டு பக்கக் கைகளையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி இடைவெளி பார்த்தபின்தான் மறுபக்கம்.

ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கு நான் சொன்ன அந்த வித்தியாசம் இங்கேதான். ஹெரால்டில் கதவுக்குக் கீழ் ஓடும் சில் வெறும் போல்ட் போட்ட மூடி. கழற்றித் தூரப் போட்டுப் புதியதை மாட்டலாம். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸில் பக்கவாட்டுச் சட்டம் கிடையாது, பாடியின் பாரத்தைத் தாங்குவதே சில்தான். கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டு கொடுக்காமல் அதை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு அப்புறம் மூடவே மூடாது.